ஏட்டம்மாவின் காரில் வந்த தண்ணீர்

வெள்ளத்தாய் கார் வாங்கியது ஆவணியில். ஐப்பசி இரண்டாம் வாரம், முன்பக்கத்து இடது சீட்டுக்குக் கீழே தண்ணீர் நின்றது. அதை முதலில் கண்டுபிடித்தது அவள் கணவன் முத்துப்பாண்டியின் வலது கால்.

"ஏட்டி, காலு நனையுது."

"மழைன்னா நனையத்தான் செய்யும். குடைய மடக்கி உள்ள வச்சீகளா?"

"குட வீட்ல இருக்கு."

வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தாள். ரப்பர் விரிப்பைத் தூக்கியதும் கீழே கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது. விரலால் அழுத்தினால் ஊறி வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. புது வண்டி. வாங்கி எழுபது நாள்கூட ஆகவில்லை. மழைத்தண்ணீர் எங்கேயோ உள்ளே இறங்குகிறது என்று இருவரும் ஒரே நேரத்தில் முடிவு கட்டினார்கள்.

வெள்ளத்தாய்க்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. இருபத்திரண்டு வயதில் போலீஸ் வேலைக்கு எழுதிப்போட்டாள். அதுவும் சித்தப்பா மகள் வாங்கிவந்த விண்ணப்பத்தில் ஒன்று மிச்சம் இருந்ததால்தான். சித்தப்பா மகள் ஓட்டத் தேர்வில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். காட்டு வரப்பில் ஓடிப் பழகிய இவள் தேறிவிட்டாள். இப்போது ஏட்டு. ஒன்பது வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் ரைட்டர். வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவதுதான் ரைட்டரின் வேலை. ஆனால் யாரும் புகாரை மட்டும் கொண்டுவருவதில்லை. வேலித் தகராறு என்று வருகிறவர் தன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதில் தொடங்குவார். ஒரு மணி நேர அழுகையையும் ஆத்திரத்தையும் ஒன்றரைப் பக்கத்தில், தேதி, கிழமை, இடம், யார், என்ன என்று வரிசையாக இறக்கிவைப்பதில் அவளை மிஞ்ச அந்தச் சரகத்தில் ஆளில்லை. இன்ஸ்பெக்டர்கள் மாறிமாறி வருவார்கள். வெள்ளத்தாயின் எழுத்து மட்டும் மாறாது. "நீங்க நெனைச்சதப் பொறவு பாப்போம். கண்டதச் சொல்லுங்க" என்பதுதான் மனுக் கொடுக்க வருகிறவர்களிடம் அவள் வழக்கமாகச் சொல்வது.

குடியிருப்பு ராஜபாளையத்தில். முத்துப்பாண்டி சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். இருபது வருஷம் பஸ்ஸிலேயே வேலைக்குப் போய்வந்தவள் வெள்ளத்தாய். இரவு ஷிப்ட் முடிந்து ஏறுகிற மில் பெண்களின் தலையிலிருந்து பறக்கும் பஞ்சு காக்கிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டேஷன் வாசலில் நின்று தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். நாற்பத்து மூன்றாவது வயதில் கார் ஓட்டப் படித்தாள். முதல் வாரமே ரயில்வே கேட்டில், கேட் திறந்த நேரம் பார்த்து வண்டி அணைந்துபோனது. பின்னால் நின்ற பஸ்காரர் அடித்த ஹாரனில், சீருடையில் இருந்தும் அவளுக்குச் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே மறந்துபோனது. ஆனாலும் விடவில்லை. இரண்டு மாதத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, மலைக்காற்று முகத்தில் அடிக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் அறுபதில் போகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

அந்த வண்டிக்குத்தான் இப்படி ஆகிவிட்டது.

மதுரை ரோட்டில் இருந்த கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு முத்துப்பாண்டியோடு முதல்முறை போனபோது அவளுக்கு மலைப்பாக இருந்தது. கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, பொத்தானை அமுக்கினால் காப்பி, சத்தமில்லாமல் ஓடும் டிவி. கம்ப்யூட்டருக்குப் பின்னால் ராம்கி என்று பேர் குத்திய இளைஞன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். சர்வீஸ் அட்வைசராம்.

"மேடம், நேம்?"

"வெள்ளத்தாய்."

"கம்ப்ளைன்ட் என்ன மேடம்?"

"வண்டிக்குள்ள தண்ணி."

ராம்கி உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டான். முத்துப்பாண்டிக்கு அந்த நாகரிகம் இல்லை, வாய்விட்டே சிரித்தான். வெள்ளத்தாய் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்றைக்குத் தண்ணீர் வந்தது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். ராம்கி தலையை ஆட்டிக்கொண்டே தட்டினான். ஜாப் கார்டு என்று ஒரு தாள் வெளியே வந்தது. அதில் புகார் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி: மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது, பார்க்கவும்.

ஒன்பது வருஷ ரைட்டருக்கு அது நெஞ்சில் தைத்தது. ஆனாலும் அவர்கள் தொழில் அவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

நாலு மணிக்கு வண்டி தயார் என்று போனுக்குச் செய்தி வந்தது. அனுமதி கேட்டுச் சீக்கிரம் கிளம்பி, பஸ் பிடித்துப் போய் இறங்கினால், வண்டி இன்னும் கழுவுகிற இடத்தில் நுரையோடு நின்றது. "அது ஆட்டோமேட்டிக் மெசேஜ் மேடம்" என்றான் ராம்கி. ஆறு மணிக்கு வண்டி வந்தது. கதவு ரப்பரை மாற்றியிருந்தார்கள். உள்ளே வாசனை அடித்துப் பளபளவென்று துடைத்திருந்தார்கள். அவள் உயரத்துக்கு வைத்திருந்த சீட்டை யாரோ நெடுநெடு ஆள் பின்னுக்குத் தள்ளியிருந்தான். ரேடியோவில் ஏதோ இந்திப் பாட்டு அலறியது. நாலாம் நாள் மழை பெய்தது. தண்ணீரும் வந்தது.

இரண்டாம் முறை, முன்கண்ணாடியைச் சுற்றிப் பசை வைத்து அடைத்தார்கள். பசை மதுரையிலிருந்து வரவேண்டும் என்று மூன்று நாள் வண்டியை வைத்துக்கொண்டார்கள். அந்த மூன்று நாளும் மறுபடி பஸ். "என்ன ஏட்டம்மா, காரு அதுக்குள்ள சலிச்சுப் போச்சா?" என்று கண்டக்டர் கேட்டார். வண்டி வந்த மறுநாளே முத்துப்பாண்டியின் கால் நனைந்தது.

முத்துப்பாண்டி இதைப் பெரிய துயரமாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் கழிவாகிற பேண்டேஜ் துணியை ஒரு பொட்டணம் கட்டி எடுத்துவந்து காலடியில் விரித்தான். "காயத்துல வர்ற ரெத்தத்தையே குடிச்சிரும் இந்தத் துணி, இந்தத் தண்ணி எம்மாத்திரம்" என்றான். ராஜபாளையத்தில் ஏறும்போது வெள்ளையாக விரிந்திருக்கிற துணி, மழை நாளில் சத்திரப்பட்டியில் அவனை இறக்கிவிடுவதற்குள் கனத்துப்போய்விடும். இறங்கி ரோட்டோரத்தில் அவன் அதைப் பிழிவதைப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நீ யூனிஃபார்மோட ஒரு நாளு போ. பொறவு பாரு" என்றான் ஒரு நாள்.

அவளுக்கு அதில் விருப்பமில்லை. சொந்தக் காரியத்துக்குக் காக்கியைக் காட்டுகிற பழக்கம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் மூன்றாம் முறை, டூட்டி முடிந்து நேராகப் போகவேண்டியதாகிவிட்டது. அன்றைக்குக் கதவைத் திறந்ததும் மேனேஜரே ஓடிவந்தார். தன் அறையில் உட்காரவைத்தார். பொத்தான் காப்பி இல்லை. கடையிலிருந்து இஞ்சி டீ. வண்டியின் கார்ப்பெட்டை மொத்தமாகப் பிரித்து வெயிலில் காயப்போட்டார்கள். இரண்டு முறை கழுவினார்கள். போகும்போது கீ செயின் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அடுத்த மழையில் வழக்கம்போல் தண்ணீர் வந்தது.

"தண்ணிக்கு யூனிஃபார்ம் தெரியாதாக்கும்" என்றாள் கணவனிடம். அன்றைக்கு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாலாம் முறை போனபோது ராம்கி இல்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டானாம். அவன் இடத்தில் கௌதம்ராஜ் என்று ஒருவன். அவனிடம் மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. அவன் வண்டியை மூன்று நாள் திறந்த வெளியில் நிறுத்திவைத்தான். ஊரே வெள்ளக்காடாகப் பெய்த மழை அது. மூன்றாம் நாள் போன் வந்தது.

"மேடம், மூணு நாளும் மழையிலயேதான் நிக்கிது. சொட்டுத் தண்ணி உள்ள வரல. கம்ப்யூட்டர மாட்டிப் பாத்தாச்சு, அதுலயும் எந்தக் கோளாறும் காட்டல."

"அப்ப எங்க வீட்டுக்காரரு காலு நனையுறது எப்பிடி?"

"தெரியல மேடம். ஒருவேள, சாரு தண்ணிப் பாட்டில..."

அவன் முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். எத்தனையோ திருடர்கள் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் வராத கோபம் இப்போது வந்தது. வண்டியை எங்கேயோ கூரைக்கு அடியில் நிறுத்திவிட்டு, மழையில் நிறுத்தினேன் என்று கதை விடுகிறான் என்று நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, வெள்ளைத்தாள் எடுத்து இடது ஓரத்தில் ஒரு விரற்கடை மடித்துக்கொண்டாள். முத்துப்பாண்டி எதிரே சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"என்னட்டி, ஞாயித்துக்கெழம வேல?"

"நம்ம வண்டிக்கு நானே ஸ்டேட்மென்ட் எழுதப் போறேன். தேதி தேதியா. நீங்கதான் சாட்சி. கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஐப்பசியிலிருந்து தொடங்கினாள். டூட்டி டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாக இறங்கினாள். எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே நின்றது, மழையா வெயிலா, தண்ணீர் வந்ததா இல்லையா. நனைந்த நாட்களை எழுதுவது எளிதாக இருந்தது. நனையாத நாட்களையும் எழுதவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மனுவில் அப்படித்தான் எழுதவைப்பாள். தேவர் குருபூஜை பந்தோபஸ்துக்குப் போன அன்று வண்டி விடியவிடிய ஸ்டேஷன் வாசலில் மழையில் நின்றது. காலையில் உள்ளே காய்ந்தே கிடந்தது. அதை எழுதும்போது பேனா லேசாகத் தயங்கியது.

"பாப்பாவ மதுரைக்குக் கொண்டு விட்டோமே, அன்னைக்கு மழையா?"

அவர்கள் மகள் சிவரஞ்சனி மதுரையில் நர்சிங் படிக்கிறாள். தீபாவளி லீவு முடிந்து அவளை ஹாஸ்டலில் விடப் போயிருந்தார்கள்.

"எங்கன மழை? அடிச்ச வெயிலுக்குப் பாப்பா பின்னால இருந்துக்கிட்டு ஏசிய கூட்டு, ஏசிய கூட்டுன்னு வந்துச்சு."

"காலு நனைஞ்சுதா?"

"திருமங்கலத்துலயே செருப்பக் கழட்டிட்டேனே."

வெள்ளத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "வெயில்ல நனைஞ்சுதா? அப்பவே ஏன் சொல்லல?"

"எத்தன வாட்டி ஏட்டி சொல்றது? எனக்கே அலுத்துப் போச்சு. பழக்கமாயிருச்சு."

"தண்ணி எப்பிடி இருந்துச்சு? கலங்கலா, தெளிவா?"

"தெளிவாத்தான். சில்லுன்னு இருக்கும். ஐஸ் தண்ணி கணக்கா."

பேனாவை மூடி வைத்தாள். எழுதிய இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழே வாசித்தாள். மழையில் நின்ற வண்டியில் தண்ணீர் இல்லை. மழையில் ஓடிய வண்டியில் உண்டு. வெயிலில் மதுரைக்கு ஓடிய வண்டியிலும் உண்டு. தினமும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகிறவள், மழை பெய்தால் என்ன செய்வாள்? கண்ணாடியை ஏற்றுவாள். ஏற்றினால் முன்கண்ணாடியில் ஆவி படியும். ஆவி படிந்தால் ஏசியைப் போடு என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"மழை இல்லங்க" என்றாள் மெதுவாக. "ஏசி."

மூன்று நாள் மழையில் நிறுத்தினோம் என்று அந்தப் பையன் சொன்னது நிஜம்தான். ஒரு மாதமாக இவள்தான், மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்று கண்டதை விட்டுவிட்டு நினைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். முகம் சுட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் தோன்றியது. நாலு முறை போயும், வெயில் நாளில் வருமா என்று ஒரு ஆளாவது திருப்பிக் கேட்டானா? கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். வெட்கமும் கோபமுமாக அந்த இரண்டு பக்கத்தையும் நல்ல கையெழுத்தில் மறுபடி எழுதினாள். கடைசி வரியில் தன் முந்தைய புகாரில் மழை என்று சொன்னது தவறு என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் முத்துப்பாண்டியிடம் கையெழுத்து வாங்கினாள். தாளில் வெங்காய வாசனை ஏறிவிட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சேலையில் போனாள். கௌதம்ராஜ் வணக்கம் சொல்லிவிட்டு விசைப்பலகையில் கை வைத்தான்.

"டைப் பண்றத நிறுத்துங்க தம்பி. எல்லாம் இதுல இருக்கு."

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேடம், சிஸ்டத்துல இம்புட்டும் ஏத்த முடியாது. அம்பது எழுத்துக்கு மேல புடிக்காது."

"அப்ப பேப்பராவே உள்ள போகட்டும். வண்டியப் பாக்குற மெக்கானிக் கையில குடுங்க."

"ஒர்க்ஷாப்புக்குள்ள கஸ்டமர் போகக்கூடாது மேடம். சேஃப்டி."

"நான் போறேன்னு சொல்லலியே. பேப்பருக்கு என்ன சேஃப்டி?"

அவன் மேனேஜர் அறைப் பக்கம் பார்த்தான். வெள்ளத்தாய் நாற்காலியில் உட்காராமல் கவுண்டர் முன்னாலேயே நின்றாள். மனுக் கொடுக்க வருகிறவர்கள் இப்படி நிற்பதை அவள் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள்; தானே நிற்கும்போதுதான் முட்டி வலி தெரிந்தது. கடைசியில் கௌதம்ராஜே தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தூக்கி நிறுத்திய ஒரு வண்டிக்குக் கீழே, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான ஒருவர், கையைத் துணியில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். நின்றபடியே முதல் பக்கம் வாசித்தார். இரண்டாம் பக்கம் திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக வெளியே வந்தார். இத்தனை நாளில் அந்தக் கதவு வழியாக ஒரு மெக்கானிக் வந்து அவள் பார்த்ததில்லை.

"நீங்கதான் வெள்ளத்தாயிங்களா? நான் கருத்தையா. ஒங்க வண்டிய மூணு வாட்டி பிரிச்சுப் போட்டிருக்கேன்."

"மூணு வாட்டியும் நீங்கதானா?"

"ஆமா. ஆனா எங்கிட்ட வந்ததெல்லாம் அந்த ஒரு வரிதான். மழைத்தண்ணி வருதுன்னா நான் எங்க தேடுவேன்? கதவத் தேடுவேன், கண்ணாடியத் தேடுவேன். இந்தச் 'சில்லென்று தெளிவாக இருந்தது'ன்னு எழுதியிருக்கீகளே, இது ஒண்ணு போதும். வாங்க, வண்டிய வெளிய எடுக்கேன். வெளியன்னா நீங்க பாக்கலாம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

வண்டியை முற்றத்தில் நிறுத்தி, ஏசியை முழுதாக வைத்து, கண்ணாடிகளை ஏற்றினார். பக்கத்தில் யாருடையதோ ஒரு காரும் ஏசி போட்டபடி ஓடிக்கொண்டிருந்தது.

"செத்த நேரம் ஓடட்டும். பொறவு ரெண்டுக்கும் அடியில பாருங்க."

இருபது நிமிஷம் கழித்துக் குனிந்து பார்த்தாள். பக்கத்துக் காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்து தரையில் ஒரு குட்டை கட்டியிருந்தது. அவள் வண்டிக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது.

"ஏசி ஓடுனா தண்ணி சொரக்கும். அது வெளிய போறதுக்கு அடியில ஒரு சின்னக் குழாய் உண்டு. ஒங்களுக்கு அது அடச்சிருக்கு. போக வழியில்லாம உள்ள வழியுது."

கருத்தையா அட்டை விரித்து அடியில் படுத்தார். மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு ஆட்டினார். மண் உதிர்ந்தது. இன்னும் ஆட்டினார். சுண்டுவிரல் நீளத்துக்கு உருளையாக ஒரு மண்கட்டி வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே, அடைபட்டிருந்த தண்ணீர் மொத்தமும் அவர் முழங்கையில் கொட்டியது. "ஆத்தாடி!" என்று உருண்டு வெளியே வந்தார்.

மண்கட்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "குளவிக்கூடு. வண்டிய எங்க நிறுத்துவீக?"

"வீட்ல மாடிப்படிக்கு அடியில."

"அங்கன குளவி இருக்கும். குழாயக் கண்டதும் வீடு கட்டிருச்சு."

நாலு முறை சர்வீஸ், புது ரப்பர், மதுரைப் பசை, இஞ்சி டீ, எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கட்டிதான். வெள்ளத்தாய் அதை விரலால் புரட்டிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டும் அடக்க முடியவில்லை. கருத்தையாவும் நனைந்த சட்டையோடு சிரித்தார். கவுண்டரிலிருந்து எட்டிப்பார்த்த கௌதம்ராஜ், வேலை கெட்டுவிட்டதோ என்று பயந்து ஓடிவந்தான்.

"ஒங்ககிட்ட அன்னைக்குப் போன்ல கோவப்பட்டேன் தம்பி" என்றாள் அவனிடம். "நீங்க மழையில நிறுத்துனது நெசந்தான். எம்மேலதான் தப்பு."

அவன் திகைத்துப்போனான். கவுண்டரில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை போலும். "இல்ல மேடம், நானும் அந்தத் தண்ணிப் பாட்டில் கதையச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான். தாளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

அவள் கிளம்பும்போது கருத்தையா கதவருகே வந்தார். "இருவது வருசமா இந்த வேல பாக்கேன். கஸ்டமர் மூஞ்சியப் பாத்து வேல செஞ்சது இன்னைக்குத்தான்" என்றார். பிறகு யாரோ கூப்பிட, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் முத்துப்பாண்டியைச் சத்திரப்பட்டியில் ஏற்றிக்கொண்டு, அய்யனார் கோவில் ரோட்டில் கொஞ்ச தூரம் சும்மா போய்வந்தார்கள். ஏசி உச்சத்தில் ஓடியது. அவனுக்குக் குளிரில் பல் கிட்டியது. குறைக்கச் சொல்லவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான். "காஞ்சுதான் கெடக்கு ஏட்டி" என்றான் ஒவ்வொரு தடவையும், ஏதோ அதிசயத்தைப் பார்த்தவன் மாதிரி.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து போன் வந்தது. கம்பெனித் தலைமையகத்திலிருந்து பேசுகிற பெண். சர்வீஸ் எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். ஸ்டேஷனில் அவள் எதிரே இரண்டு பேர் மனுவோடு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளத்தாய் அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

"பத்துக்குப் பத்து. ஆனா அது மெக்கானிக்குக்கு. அவரு பேர எழுதிக்கிடும்மா."

"அதுக்குத் தனியா இடம் இல்லைங்க மேடம். மார்க் மட்டும்தான்."

"வேற ஏதாவது சொல்லணுமான்னு ஒரு கட்டம் இருக்கும்ல?"

அந்தப் பெண் கொஞ்சம் தேடினாள். "இருக்குங்க மேடம்."

"அதுல எழுதும்மா. நான் லைன்லயே இருக்கேன்."

"சொல்லுங்க மேடம்."

வெள்ளத்தாய் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, தவறில்லாமல் எழுதிவிட்டாளா என்று திருப்பிப் படிக்கச் சொல்லிச் சொல்லி, கருத்தையாவின் பேரைச் சென்னைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.